சுறா சகா ஆன்லைனில் இருக்கிறான்

ஓசூர்
20.1.2024

அன்பு சகாவுக்கு,

இங்கே நான், ஜெபசெல்வி, பாப்பா மூவரும் சுகம். அங்கே நீ, அமுதா, அம்மா, உங்கள் ஐசுக்குட்டி எல்லோரும் சுகமாக இருக்க கர்த்தரிடமும் உங்கள் எல்லையம்மனிடமும் சேர்த்தே வேண்டிக்கொள்கிறேன். யார் காதில் விழுகிறதோ விழட்டும்.

எழுதுவது லேத்து தாஸ். அந்தப் பெயரில்தானே உனக்கு என்னைத் தெரியும்? அசல் பெயர் ஞானதாஸ் என்று சொன்னபோது நீ விழுந்து விழுந்து சிரித்தாய். ஊரடங்கில் என் கம்பெனியும் மூடிக்கிடந்தது, உன் போட்டும் கரையில் கிடந்தது. நீ, நான், அமுதா மூன்று பேரும் போனில் அந்தத் துப்பாக்கி விளையாட்டுக்குள்ளேயே குடியிருந்தோம். நீ சுறா சகா, உன் பெண்டாட்டி இறால் ராணி. எதிரி சுட வரும்போதெல்லாம் நீ வண்டியைக் கொண்டுபோய் ஆற்றில் இறக்குவாய். "தண்ணி இருந்தா நமக்கு பயம் இன்னா மாமு" என்பாய். அமுதா உன்னைத் திட்டுகிற திட்டு என் காதுக்கும் சேர்த்து விழும்.

பழைய போன் தொலைந்தபோது உன் எண்ணும் போய்விட்டது. நீ முன்பு அனுப்பிய இறால் கருவாட்டுப் பெட்டியில் அமுதா எழுதிய முகவரியை ஜெபா கிழித்து மிளகாய்த்தூள் டப்பாவில் போட்டு வைத்திருந்தாள். நட்புக்காக இல்லை, கருவாட்டுக்காக! அது இப்போது எனக்கு உதவியது.

பாப்பாவுக்குப் பெர்சிஸ் என்று பெயர். ஞானஸ்நானம் ஆயிற்று, நடக்கிறாள், என் போனைப் பிடுங்குகிறாள். ஐசுவுக்குக் காது குத்தியாயிற்றா?

போன வாரம் அந்த விளையாட்டை மறுபடி போனில் ஏற்றினேன். நண்பர்கள் பட்டியலில் உங்கள் இரண்டு பெயரும் சாம்பல் நிறத்தில் தூங்குகின்றன. நீ கடலுக்குப் போகிற நாளில் தினசரிப் பரிசு விட்டுப்போகக் கூடாது என்று உன் ஐடியில் நான்தானே நுழைந்து வாங்கி வைப்பேன். அந்தக் கடவுச்சொல் இன்னும் நினைவிருக்கிறது. திருட்டுப்பயலே, மாற்றவில்லை என்றால் இப்போதாவது மாற்று. இல்லையென்றால் ஒருநாள் வந்து உட்கார். பழையபடி மூன்று பேரும் ஆடுவோம்.

பதிலுக்குக் காத்திருக்கும்,
தாஸ்

*

நடுத்திட்டுக் குப்பம்
பழவேற்காடு வழி
18.2.2024

தாஸ் அண்ணாவுக்கு அமுதவல்லி வணக்கம். அண்ணி, பாப்பா நலமா? நானும் ஐசுவும் இருக்கிறோம்.

உங்கள் கடிதத்தைத் தபால்காரர் அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக் கொடுத்தார். அந்தப் பெயரை வாசலில் யாரும் சத்தமாகக் கூப்பிட்டு வெகுநாள் ஆகியிருந்தது. உள்ளே இருந்து என் மாமியார் ஓடி வந்துவிட்டார். இதை எப்படி எழுதுவது என்று தெரியாமல்தான் இத்தனை நாள் ஆனது.

அவர் இல்லை அண்ணா. கார்த்திகை மாதம் கடலுக்குப் போய்த் திரும்பும்போது முகத்துவாரத்தில் போட்டு கவிழ்ந்தது. ஏரி கடலோடு சேருகிற வாய் அது. மணல் தூர்ந்து மேடாகிப்போயிருக்கிறது. அலை எப்போது எழும்பும் என்று சொல்ல முடியாது. கூடப் போன கேசவன் நீந்திக் கரையேறினார். போட்டின் விளிம்பு இவர் தலையில் அடித்ததையும் இவர் கீழே போனதையும் தன் கண்ணால் பார்த்ததாக என்னிடம் அழுதுகொண்டே சொன்னார். எத்தனையோ பேர் தேடினார்கள். உடம்பு கிடைக்கவில்லை.

என் மாமியார் முனியம்மா நம்பவில்லை. "என் புள்ளைக்கி நீச்சல் தெரியாதா? எங்கனா கரையேறியிருப்பான். பர்மா பக்கம்கூட போட்டு ஒதுங்குதாம்" என்கிறார். இங்கே உடம்பு கிடைக்காதவருக்கு, கரையில் ஈரமணலால் ஆள் உருவம் பிடித்து, அதற்குப் பால் ஊற்றிக் கருமாதி செய்வார்கள். அதைச் செய்தால்தான் போனவர் போனவர். செய்யாதவரை நான் பூவும் பொட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். வைக்காவிட்டால் மாமியார் அடிக்க வருகிறார். வைத்தால் தெருவில் பெண்கள் என்னை ஒரு மாதிரி பார்க்கிறார்கள்.

சித்திரை அமாவாசைக்கு முடித்துவிடலாம் என்று பெரியவர்கள் பேசி மாமியாரை ஒருவழியாகச் சம்மதிக்க வைத்திருக்கிறார்கள். எனக்கும் அதுதான் வேண்டும் அண்ணா. கல்நெஞ்சக்காரி என்று நினைக்காதீர்கள். அவர் செத்துப்போனார் என்று ஒருமுறையாவது வாய்விட்டு அழ வேண்டும். இந்த வீட்டில் அதற்கு அனுமதி இல்லை.

போனில் பேசினால் ஓலைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் கேட்கும். அதனால் கடிதமே எழுதுங்கள், என் பெயருக்கு.

அமுதவல்லி

*

ஓசூர்
10.3.2024

அன்புத் தங்கை அமுதாவுக்கு,

ஆண்டவர் உனக்கு ஆறுதல் தரட்டும். இந்த வரியை எழுதிவிட்டு அடுத்த வரிக்கு என்ன எழுதுவது என்று தெரியாமல் ஒரு வாரம் வைத்திருந்தேன்.

நான் அவன் முகத்தைப் பார்த்ததே இல்லை. புகைப்படம்கூட அவன் அனுப்பியதில்லை. "நேர்ல வா, பாத்துக்கலாம்" என்பான். குரல் மட்டும்தான் தெரியும். ஜெபா அழுதாள். நான் அழவில்லை. லேத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது திடீரென்று அவன் சிரிப்பு நினைவுக்கு வந்தது, இயந்திரத்தை நிறுத்திவிட்டு அப்படியே நின்றேன், மேஸ்திரி வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்.

அன்று மாலை வெகுநேரம் போனில் அவன் பெயரையே பார்த்துக்கொண்டிருந்தேன். வேறென்ன செய்ய முடியும் எனக்கு?

அம்மாவைப் பார்த்துக்கொள். நீயும் சாப்பிடு. ஐசுவுக்கு என் முத்தம்.

உன் அண்ணன்,
ஞானதாஸ்

*

நடுத்திட்டுக் குப்பம்
12.5.2024

தாஸ் அண்ணாவுக்கு வணக்கம். நலம், நலமறிய ஆசை.

கருமாதி நடக்கவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

பங்குனி கடைசியில் ஐசு அழுதாள் என்று என் பழைய போனை எடுத்து, அந்த விளையாட்டைத் திறந்து கையில் கொடுத்தேன். அதில் இன்னும் நான் இறால் ராணிதான். நண்பர்கள் பட்டியலில் சுறா சகா பச்சையாக எரிந்தது. உள்ளே இருக்கிறான் என்று காட்டியது. என் கொழுந்தன் மாரி எட்டிப் பார்த்துவிட்டு "அண்ணி! அண்ணன் ஆன்லைன்ல கீது!" என்று கத்தினான். அவன் கத்தியதில் குப்பமே கூடிவிட்டது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அணைந்தது. மறுநாள் விளக்கு வைக்கிற நேரத்தில் மறுபடி எரிந்தது. அதற்கு மறுநாளும்.

மாமியார் போனைக் கும்பிட்டார் அண்ணா. கற்பூரம் காட்டினார். "சொன்னனே, சொன்னனே, எவன்னா நம்புனீங்களா? எம்புள்ள எங்கயோ கீறான்" என்று ஒவ்வொரு வீடாகப் போய்ச் சொன்னார். கார்த்திகையிலிருந்து கஞ்சித்தண்ணியைத் தவிர ஒன்றும் இறங்காத வயிறு. அன்று மீன் குழம்பு ஊற்றி ஒரு தட்டுச் சோறு சாப்பிட்டார். கேசவனைப் பொய்யன் என்று தெருவில் நிறுத்தித் திட்டினார். அந்த மனுஷன் தலையைக் குனிந்துகொண்டு போனார்.

கருமாதிக்குச் சொல்லி வைத்திருந்த ஐயரைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். உயிரோடு இருக்கிறவனுக்கு யாராவது பால் ஊற்றுவார்களா?

உங்கள் போனிலும் அவர் பெயர் பச்சையாகத் தெரிகிறதா அண்ணா? பார்த்துச் சொல்லுங்கள். மாமியார் கேட்கச் சொன்னார்.

அமுதவல்லி

*

ஓசூர்
23.6.2024

அன்புத் தங்கைக்கு,

நாங்கள் நலம். தாமதத்துக்கு மன்னித்துக்கொள். ஜெபா மறுபடி மாசமாக இருக்கிறாள். வாந்தி, மயக்கம் என்று ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைச்சல். மார்கழியில் பிரசவம் இருக்கும் என்கிறார்கள். பெர்சிஸை வீட்டுப் பக்கத்திலேயே பால்வாடியில் விட்டிருக்கிறோம்.

நீ கேட்டது. ஆமாம், இங்கேயும் தெரிந்தது. ஆனால் இயந்திரம் காட்டுவதையெல்லாம் அப்படியே நம்பிவிட முடியாது அமுதா. எத்தனையோ கோளாறு வரும். அம்மாவிடம் ரொம்ப ஆசை வளர்க்க வேண்டாம் என்று சொல். இல்லை, சொல்ல வேண்டாம். அவர் சாப்பிடுகிறார் என்று எழுதியிருந்தாயே, அந்த வரியை ஜெபாவிடம் இரண்டு முறை படித்துக் காட்டினேன். ஒரு தாய் சாப்பிடுகிறாள் என்றால் அதில் யாருக்கு என்ன நஷ்டம்? கருமாதி கொஞ்சம் தள்ளிப்போனால்தான் என்ன?

ஐசுவைப் பள்ளியில் சேர்த்தாயிற்றா? எழுது.

அண்ணன்,
ஞானதாஸ்

*

நடுத்திட்டுக் குப்பம்
25.8.2024

தாஸ் அண்ணாவுக்கு,

அண்ணி உடம்பு எப்படி இருக்கிறது? புளிப்பாக ஏதாவது கேட்டால் கொடுங்கள். நானும் ஐசுவும் நலம் என்று எழுதக் கை வரவில்லை.

யாருக்கு நஷ்டம் என்று கேட்டிருந்தீர்கள். சொல்கிறேன்.

ஏரியில் இறால் பிடிக்க எங்கள் குப்பத்தில் முறை உண்டு. பாடு என்போம். இன்ன நாளில் இன்ன இடத்தில் இன்னார் வலை கட்டலாம் என்று ஊர் கூடிச் சீட்டுப் போடும். ஒவ்வொருவர் பெயரையும் கூப்பிடுவார்கள். அவரவர் எழுந்து "இருக்கேன்" என்று சொல்ல வேண்டும். இறந்தவர் பெயரை அடித்துவிடுவார்கள். ஆடியில் சீட்டுப் போட்டபோது சகாதேவன் என்று கூப்பிட்டார்கள். மாரி போனைத் தூக்கிக் காட்டி "எங்கண்ணன் இருக்குது" என்றான்.

கூட்டத்தில் ஒரு பெரியவர் கேட்டாராம். "உசுரோட கீறான்னா வூட்டுக்கு ஏன் வர்ல?"

அந்தக் கேள்வி வீடு வீடாக வந்தது. ஒருநாளைக்கு ஒரு பதில் கண்டுபிடித்தார்கள். கடைசியில் எல்லோருக்கும் பிடித்த பதில் நான்தான். பெண்டாட்டி சரியில்லை, அதனால் கடலைச் சாக்காக வைத்து ஓடிப்போனான். கருமாதிக்கு அவள்தானே அவசரப்பட்டாள்? ஓசூரிலிருந்து அவள் பெயருக்கு மட்டும் கடிதம் வருகிறதே, அது யார்?

தினமும் விளக்கு வைத்ததும் மாமியார் மாரியைக் கூப்பிட்டு, அந்த விளையாட்டுக்குள்ளேயே சுறா சகா பெயருக்குத் தன் பேச்சைப் பதிவு செய்து அனுப்பச் சொல்வார். "நைனா, எங்கடா கீற? அம்மா மேல இன்னா கோவம்?" தினமும் இதேதான். ஆடிக் கடைசி வெள்ளியன்று, "நீ பதில் சொல்ற வரைக்கும் பச்சத்தண்ணி பல்லுல பட வுடமாட்டேன்" என்று சொல்லி அனுப்பிவிட்டு அப்படியே இருந்தார். மறுநாள் பதில் வந்தது. எழுத்தில் வந்தது. "நல்லா இருக்கேன். சாப்டு."

அவ்வளவுதான் இருந்தது அதில். அம்மாவுக்கு எழுதியவன் பெண்டாட்டியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. பிள்ளையைப் பற்றியும் கேட்கவில்லை. சந்தேகமாக இருந்த இரண்டொரு பேருக்கும் சந்தேகம் தீர்ந்தது. மாமியார் சாப்பிட்டுவிட்டு என்னைப் பார்த்தார். "இன்னா பண்ணுன எம்புள்ளய?" என்று கேட்டார்.

நான் என்ன பண்ணினேன் அண்ணா?

அமுதவல்லி

*

தோணிரேவு
22.9.2024

ஐயா,

முகவரி மாறியிருக்கிறது, பாருங்கள். இது என் அம்மா வீடு. போன கடிதத்துக்குப் பதில் வரவில்லை. வராது என்று தெரியும்.

என்னை வெளியே அனுப்பிவிட்டார்கள். யாரும் அடிக்கவில்லை, கத்தவில்லை. மாரி ஒரு பையில் என் துணிகளைப் போட்டுப் படகில் வைத்தான். ஐசுவை மாமியார் இடுப்பிலிருந்து இறக்கவில்லை. "அவன் திரும்பி வந்தா புள்ளையாவது கண்ணுல படணும்" என்றார். படகு கிளம்பும்போது ஐசு அழுதாள். இந்தக் கரைக்கு வந்தபிறகும் கேட்டுக்கொண்டே இருப்பதுபோல் இருக்கிறது.

அது நீங்கள்தான் என்று எனக்கு முதல் நாளே தெரியும். அவர் பெயரில் நுழைவேன், கடவுச்சொல் நினைவிருக்கிறது என்று முதல் கடிதத்திலேயே எழுதியிருந்தீர்கள். பிரித்துப் படித்தவள் நான்தானே? ஏன் முன்பே கேட்கவில்லை என்று மட்டும் இப்போது கேட்காதீர்கள்.

ஊரில் சொன்னேன். "ஓசூர்ல கீறவன் உன் புருஷன் பேர்ல எப்டி வருவான்? தாலிய கயட்ட கத கட்றியா?" என்றார்கள். உங்கள் கடிதத்தைக் காட்டினேன். அந்த ஓசூர்க்காரனும் நானும் சேர்ந்து எழுதிக்கொண்டது என்று சொல்லிவிட்டார்கள்.

நீங்கள் வந்து சொன்னால்தான் தீரும். எனக்கு என் பிள்ளை வேண்டும்.

அமுதவல்லி

*

ஓசூர்
6.10.2024

அமுதா,

நலம் விசாரிக்க எனக்கு முகம் இல்லை.

நான்தான். மார்ச்சில் உன் கடிதம் வந்த அன்று அவன் பெயர் சாம்பலாகக் கிடப்பதைப் பார்க்கச் சகிக்கவில்லை. பழைய வழக்கப்படி அவன் ஐடியில் நுழைந்து, ஜெபாவின் போனில் பட்டியலைத் திறந்து, அவன் பெயர் பச்சையாவதைப் பார்த்தேன். பைத்தியக்காரத்தனம்தான். மனசு கொஞ்சம் லேசானது. அதன்பிறகு ஷிப்டு முடிந்து வந்ததும் தினமும் போனேன். உங்கள் வீட்டில் யாராவது அதைப் பார்ப்பீர்கள் என்று சத்தியமாக நினைக்கவில்லை. நீ விளையாட்டை எப்போதோ விட்டுவிட்டாய் என்று நினைத்தேன்.

மே மாதக் கடிதம் வந்தபோதே சொல்லியிருக்க வேண்டும். அதற்குள் அம்மாவின் குரல் வர ஆரம்பித்துவிட்டது. தினமும் கேட்டேன் அமுதா, ஒன்றுவிடாமல் கேட்டேன். நிறுத்தினால் அவர் செத்துவிடுவார் என்று பயந்தேன். அன்று பட்டினி கிடக்கிறேன் என்றபோது கை தானாக எழுதிவிட்டது. உன்னைப் பற்றி ஏதாவது எழுதினால் மாட்டிக்கொள்வேன் என்று மூணே மூணு வார்த்தையோடு நிறுத்தினேன். அந்த மூணு வார்த்தை உன்னை வீட்டைவிட்டுத் துரத்தும் என்று என் புத்திக்கு எட்டவில்லை.

கட்டாயம் வருகிறேன். ஜெபாவுக்கு மாதம் முற்றிவருகிறது, பிரசவம் முடியட்டும். அல்லது நான் மட்டும் அடுத்த ஞாயிறு வந்துபோகட்டுமா? சொல்.

ஞானதாஸ்

*

தோணிரேவு
14.10.2024

ஐயா,

அண்ணியின் பிரசவம் நல்லபடி நடக்கட்டும்.

தனியாக வராதீர்கள். ஒற்றை ஆம்பளையாக வந்து எனக்காகப் பேசினால் அடுத்த கதை அன்றைக்கே கட்டிவிடுவார்கள். அண்ணியோடு, குழந்தையோடு வாருங்கள். நேராக நடுத்திட்டுக்குப் போங்கள். என்னைப் பார்க்கத் தோணிரேவுக்கு வரவே கூடாது. அதுவரை எழுதவும் வேண்டாம். அதுவரை தினமும் பச்சை எரியட்டும். நடுவில் நின்றுபோனால், அதற்கும் என்னைத்தான் சொல்வார்கள்.

நான் இறால் உரிக்கிற கொட்டகைக்குப் போகிறேன். நடுத்திட்டுப் பெண் ஒருத்தி அங்கே வேலைக்கு வருகிறாள். ஐசு தூக்கத்தில் என்னைக் கூப்பிடுகிறாளாம்.

அமுதவல்லி

*

ஓசூர்
20.1.2025

அமுதாவுக்கு,

ஆண் குழந்தை. மார்கழி முதல் வாரம் பிறந்தான். தாயும் பிள்ளையும் நலம். நீ சொன்னபடி தோணிரேவுப் பக்கம் திரும்பாமல் நேற்று நடுத்திட்டுக்குப் போய்வந்தோம். நடந்ததை நீ என்னிடமிருந்தே தெரிந்துகொள்ள வேண்டும்.

கேசவன் வீட்டை விசாரித்து அவரையும் ஊர்ப் பெரியவர்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு போனோம். அம்மா வாசலில் வலை மேல் உட்கார்ந்திருந்தார். ஐசு அவர் மடியில் இருந்தாள். உன் ஜாடை என்று கேசவன் சொன்னார், எனக்கு அது தெரியாதல்லவா?

நான் யாரென்று சொன்னேன். செய்ததைச் சொன்னேன். மாரி என் சட்டையைப் பிடித்தான். ஜெபா கைக்குழந்தையோடு குறுக்கே வந்து நின்றாள். அதனால் விட்டான். அம்மா மட்டும் அசையவில்லை. "அவ அனுப்பிச்சாளா? எவ்ளோ சொல்லி குட்த்தா?" என்றார்.

"போனைக் கையில வெச்சிக்கோங்கம்மா. பேரைப் பாத்துக்கிட்டே இருங்க" என்றேன். மாரி விளையாட்டைத் திறந்து அவர் கையில் கொடுத்தான். நல்ல வெயில், உச்சிப்பொழுது. அந்த நேரத்தில் அவன் எப்போதும் வந்ததில்லை. என் போனில் கடவுச்சொல்லை அடித்தேன்.

அவர் கையில் பச்சை எரிந்தது. அம்மா முகம் மலர்ந்துவிட்டது அமுதா. "வந்துட்டான் பாரு! நீ பொய் சொல்ற, அதான் உன் மூஞ்சில கரிய பூச வந்துட்டான்!" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார்.

நான் வெளியேறினேன். அணைந்தது. மறுபடி நுழைந்தேன். எரிந்தது. மறுபடி வெளியேறினேன். அவர் பார்வை போனிலிருந்து என் கட்டைவிரலுக்கு வந்தது. அங்கேயே நின்றது.

"சாப்டுன்னு எய்தனது?"

"நான்தான்மா."

"சாப்ட்டேன்யா" என்றார். "உன் பேச்சக் கேட்டு சாப்ட்டேன்."

அதன்பிறகு அழுதார். வயிற்றில் அடித்துக்கொண்டு அவன் பெயரைச் சொல்லி அழுதார். தெருப் பெண்களெல்லாம் வந்து கட்டிப்பிடித்து ஒப்பாரி வைத்தார்கள். கேசவன் ஒரு மூலையில் உட்கார்ந்து அழுதார். கிளம்பும்போது பெரியவர் ஒருவர் மட்டும் படகுத்துறை வரை வந்தார். பிள்ளையை அனுப்பிவிடுவதாகச் சொன்னார்.

அம்மா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

இனி நான் என்ன செய்ய வேண்டும் சொல். அந்த ஐடியை அழிக்கவா?

ஞானதாஸ்

*

தோணிரேவு
9.2.2025

தாஸ் அண்ணாவுக்கும் அண்ணிக்கும் அமுதவல்லி வணக்கம். பெர்சிஸும் தம்பியும் நலமா? கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு அத்தனை தூரம் வந்த அண்ணிக்கு என் நன்றியைச் சொல்லுங்கள்.

ஐசு வந்துவிட்டாள். முதல் இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை. இப்போது என் முந்தானையை விடுவதில்லை. இறால் கொட்டகைக்கும் கூடவே வருகிறாள்.

தை அமாவாசையன்று கருமாதி நடந்தது. கடற்கரையில் ஈரமணலைக் குவித்துத் தலை, கை, கால் பிடித்தார்கள். மாரிதான் பிடித்தான். அண்ணன் உயரம் என்று சொல்லி நீளமாகப் பிடித்தான். பாலை ஊற்றினார்கள். ஓரத்தில் வந்த அலை காலைக் கரைத்தது. மாமியார் என்னிடம் வந்தார். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. "வாம்மே" என்று கையைப் பிடித்துக் கூட்டிப்போய் உட்கார வைத்து, தாலியை அவரே கழற்றினார். பெரியவர்கள் என்னையும் ஐசுவையும் நடுத்திட்டுக்கே வந்துவிடச் சொல்கிறார்கள். நான் இன்னும் முடிவு சொல்லவில்லை.

ஒரு வருஷமாக நான் கேட்டது இதைத்தானே? கிடைத்துவிட்டது. அழலாம் என்று உட்கார்ந்தபோதுதான் எனக்கே ஒன்று தெரிந்தது. அதை உங்களைத் தவிர வேறு யாரிடமும் சொல்ல முடியாது.

நீங்கள்தான் என்று முதல் நாளே தெரியும் என்று எழுதினேன். உண்மைதான். பிறகு ஏன் கேட்கவில்லை? கேட்டால் நிறுத்திவிடுவீர்கள். தெரிந்துகொண்டே நானும் தினமும் விளக்கு வைக்கிற நேரத்துக்கு மாமியார் தோளுக்குப் பின்னால் போய் நின்றேன். கேசவன் சொன்னதை நம்பினேன், கருமாதியும் வேண்டும் என்றேன், பச்சை எரிந்தபோது என் நெஞ்சும் அடித்துக்கொண்டது. பெண்டாட்டி பிடிக்காமல் ஓடிப்போனான் என்று ஊர் பேசியபோது அவமானத்தில் செத்தேன். அதற்கு நடுவில் ஒரு ஓரத்தில் சந்தோஷமாகவும் இருந்தது அண்ணா. என்னைப் பிடிக்காமல் போனவனாகவே இருக்கட்டும், எங்கேயாவது இருக்கட்டும் என்று. மணலில் பால் ஊற்றும்போது எனக்கு அது போனது. என் புருஷன் எனக்கு அன்றைக்குத்தான் செத்தார்.

ஐடியை அழித்துவிடுங்கள். ஐசுவோடு என் பழைய போனையும் கொடுத்தனுப்பிவிட்டார்கள், அதில் அந்த விளையாட்டு இன்னும் இருக்கிறது. எடுக்க மனசு வரும்போது எடுத்துக்கொள்வேன்.

என்றைக்கு அழித்தீர்கள் என்று மட்டும் எனக்கு எழுதாதீர்கள்.

உங்கள் தங்கை,
அமுதவல்லி